பேட்டரி வெடித்த கையும் வேலூர் சிகிச்சையும்

பழைய கைப்பேசியிலிருந்து கழற்றிய பேட்டரி வெடித்ததில் என் தங்கை மகனின் இடது கையில் கட்டைவிரலின் உட்பக்கச் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. நடுவிரலும் உள்ளங்கையும் கருகியிருந்தன. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம் அது. வேலூரில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றில் அவனுக்குச் சிகிச்சை நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் சேர்த்த நாள் முதல் நான் உடன் இருந்தேன். இதே போன்ற காயத்தோடு வந்தவர்களில் சிலர், புண் ஆறியதும் சிகிச்சை முடிந்தது என்று ஊர் திரும்பி, பிறகு விரல்கள் விறைத்துப்போய் மறுபடி வந்ததை அந்த வார்டிலேயே பார்த்தேன். ஒவ்வொரு கட்டமும் எதற்காக என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர்கள் பாதியில் விட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வெடித்ததற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியின் லித்தியம் பேட்டரியில் பொதுவாக 4.2 வோல்ட் அளவுக்கு மேல் மின்சாரம் ஏற்றக்கூடாது. சார்ஜரிலிருந்து வருவது 5 வோல்ட். அதைக் கட்டுப்படுத்தி, பேட்டரி நிறைந்ததும் நிறுத்துகிற சுற்று கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. பிள்ளை அந்தப் பேட்டரியைத் தனியே எடுத்து, சார்ஜர் ஒயரின் முனைகளைச் சீவி நேரடியாக வைத்து அழுத்தியிருக்கிறான். இப்படிச் செய்யும்போது பேட்டரிக்குள் உண்டாகிற சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, உள்ளிருக்கும் எரியக்கூடிய திரவம் ஆவியாகி, உறை கிழிந்து வெடிக்கிறது. பேட்டரியைக் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் நடுவில்தான் பிடிப்போம் என்பதால், இத்தகைய விபத்துகளில் அந்த மூன்று விரல்களே பெரும்பாலும் சிதைகின்றன என்று மருத்துவர் விளக்கினார்.

அந்தத் திரவம் தோலின் ஈரம் பட்டாலே கடுமையான அமிலமாக மாறக்கூடியது. ஆகவே அது காயத்தில் தங்காமல் அடித்துச் செல்லும்படி குழாய் நீரில் நீண்ட நேரம் கழுவுவதுதான் முதல் உதவி. எங்கள் ஆயா காப்பித்தூளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது, பக்கத்து வீட்டில் இருந்த செவிலியர் தடுத்து, கையைக் குழாயின் கீழ் பிடிக்க வைத்தார். கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிற்றை வீக்கம் ஏறுவதற்குள் அவரே அறுத்தெடுத்து, சுத்தமான துணியைச் சுற்றி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வழியில் தண்ணீரோ உணவோ தரக்கூடாது என்றும் எச்சரித்தார். துண்டான விரல்நுனியைத் தேடி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டுபோனோம். நசுங்கிக் கருகியிருந்ததால் அதைப் பொருத்த முடியவில்லை. வெடித்த காயங்களில் பெரும்பாலும் நிலைமை அப்படித்தான் என்றார்கள். இருந்தாலும் கொண்டு வந்ததே சரி என்று சொன்னார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில், வெடித்தது எந்த வகைப் பேட்டரி என்று முதலில் கேட்டார்கள். வண்டி பேட்டரி என்றால் கந்தக அமிலம், லித்தியம் என்றால் ஃபுளோரின் சார்ந்த அமிலம். பின்னால் சொன்ன அமிலம் தோலுக்குள் ஊடுருவி ஆழத்தில் சேதம் செய்யும் என்பதால் அதற்குக் கால்சியம் கலந்த களிம்பு தேவைப்படலாம். எனவே பேட்டரியின் மேலிருக்கும் எழுத்துகளைத் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போவது பயன்படும். எஞ்சிய பேட்டரியை மட்டும் வண்டியில் ஏற்ற வேண்டாம்; அது மறுபடி தீப்பிடிக்கக்கூடும். கண்களையும் செவிப்பறையையும் சோதித்தார்கள். எக்ஸ்ரேயில் கட்டைவிரல் எலும்பு முறிவும், சதைக்குள் புதைந்திருந்த உலோகத் துகள்களும் தெரிந்தன. விபத்துப் பதிவேட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அனுமதிக்கும்போதே காட்டிவிடுங்கள்.

முதல் அறுவையில் கருகிய சதையை வெட்டி நீக்கி, துகள்களைக் கழுவி எடுத்து, முறிந்த எலும்பில் மெல்லிய கம்பி செருகினார்கள். ஆனால் காயத்தைத் தைத்து மூடவில்லை. என் தங்கை இதைப் பார்த்து மிகவும் கலங்கினாள். திறந்த புண்ணோடு பிள்ளையை அறுவை அரங்கிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்களே என்று அழுதாள். வெடிப்பில் அடிபட்ட சதையில் எது பிழைக்கும், எது சாகும் என்பது அன்றைக்கே தெரியாது என்றும், அவசரப்பட்டு மூடினால் உள்ளே சீழ் பிடித்து விரலே போய்விடும் என்றும், இரண்டொரு நாளில் மீண்டும் திறந்து பார்த்து, செத்ததை நீக்கிய பிறகே மூட வேண்டும் என்றும் மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இந்த விளக்கம் கிடைத்த பிறகுதான் வீட்டார் அமைதியானார்கள்.

எலும்பு தெரியும் இடத்தில் வெறும் தோலை ஒட்டினால் பிடிக்காது. அதனால் அடிவயிற்றுக்கும் தொடைக்கும் இடைப்பட்ட கவட்டியிலிருந்து தோலும் கொழுப்புமாக ஒரு பட்டையை எடுத்து, அதன் ஒரு முனையை உடம்போடு விட்டுவைத்து, மறுமுனையைக் கட்டைவிரலில் தைத்தார்கள். ஃபிளாப் என்று வார்டில் எல்லோரும் சொல்வது இதைத்தான். விரலில் புதிய ரத்த ஓட்டம் ஊறும் வரை, ஏறத்தாழ 3 வாரம், கை இடுப்போடு சேர்ந்தே இருக்க வேண்டும். முழுச் சிகிச்சையிலும் மிகக் கடினமான காலம் அதுதான். தூக்கத்தில் கையை இழுத்துவிடுவானோ என்று இரவில் மாறி மாறி விழித்திருந்தோம். தையற்காரரிடம் சொல்லி, சட்டையின் பக்கவாட்டைப் பிரித்து ஒட்டுநாடா வைத்துக்கொண்டோம். கால்சட்டை ஆகாது, லுங்கிதான் வசதி. தோள்பட்டையும் முழங்கையும் விறைக்காமல் இருக்க, கட்டியிருந்த நிலையிலேயே செய்யக்கூடிய சிறு அசைவுகளைப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். ஃபிளாப் நீலம் பாய்ந்தாலோ வெளுத்தாலோ உடனே செவிலியரை அழைக்க வேண்டும் என்பதால், அதன் நிறத்தைப் பார்ப்பதே எங்கள் வேலையாக இருந்தது.

கையைப் பிரித்தெடுத்த பிறகு, விரல்களைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் என்ற அச்சைச் செய்து போட்டார்கள். விரல்கள் கையோடு சேரும் மூட்டு நன்கு மடங்கியும், விரல்களின் நடு மூட்டுகள் நேராகவும் இருக்கும்படி அதை அமைக்கிறார்கள். வேறு நிலையில் விட்டால் மூட்டுத் தசைநார்கள் சுருங்கிவிடும். வலிக்கிறது என்று இதைக் கழற்றி வைப்பதுதான் பலர் கையைக் கெடுத்துக்கொள்ளும் இடம். தழும்பைத் தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்ப்பது, இறுக்கமான கையுறை அணிவது, களிமண் போன்ற பொருளைப் பிசைவது என்று பயிற்சி பல மாதம் தொடர்ந்தது. மைத்துனர், அறுந்த இழைகளை அவனிடம் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்வார். பிறகு தறியின் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றும் வேலையான தார் சுற்றுவதையும் செய்ய வைத்தார். இதைக் கேட்ட பயிற்சியாளர், “தம்பி, நான் கொடுக்கிற பயிற்சியைவிட இது நல்ல பயிற்சி, விடாமல் செய்யுங்கள்” என்றார்.

கட்டைவிரலில் வைத்த புதிய தோலில் உணர்ச்சி இல்லை. சூடான டம்ளரைப் பிடித்தாலும் தெரியாது என்பதால், தொடும் முன் கண்ணால் பார்க்கவும், தினமும் இரவில் கொப்புளம் இருக்கிறதா என்று சோதிக்கவும் பழக்கினார்கள். இந்தப் பாடம் வேலூருக்குப் புதிதன்று. 1946இல் இங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை இடம் மாற்றி மீண்டும் இயங்க வைத்தார். அந்நோயாளிகளின் விரல்கள் தேய்வதற்குப் பெருங்காரணம் வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதே என்பதையும் எடுத்துக்காட்டினார். காட்பாடியை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்தப் பணி வளர்ந்தது. அறுவைக்குச் சமமாகப் பயிற்சியை மதிக்கும் வழக்கம் அப்படித்தான் இவ்வூரில் வேர்விட்டது என்று நான் கருதுகிறேன்.

இப்போது அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான். சைக்கிள் பிரேக்கைப் பிடிக்கிறான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தோல் இன்னும் சுருக்கமாக இருப்பதால் பெரிய டம்ளரைச் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. அந்த இடைவெளியை விரிக்கவும், தடித்த ஃபிளாப்பை மெலிதாக்கவும் முழு ஆண்டுத் தேர்வு விடுமுறையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை இரவில் ஸ்பிளிண்ட்டும் பகலில் கையுறையும் தொடர வேண்டும்.