கேம் எப்போது நிற்கிறது?

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வருகிற வேலையில் பெரும்பகுதி கேம் சம்பந்தப்பட்டதுதான். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று இருக்கிற பிள்ளைகள் கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் தேவகோட்டைக்கும் வருவார்கள். வந்த மறுநாளே எனக்குப் போன் வரும். "அண்ணே, கேம் ஓட மாட்டேங்குது."

நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி. எப்போது நிற்கிறது? திறந்த உடனேயா, கால் மணி நேரம் ஆடிய பிறகா, பெரிய சண்டை வரும்போதா, இல்லை சாயங்காலம் ஆனால் மட்டுமா? திரையில் வந்த எர்ரர் எண்ணைவிட இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் உதவுகிறது. ஆனால் போன் செய்கிற பிள்ளைகளில் பலர் அதற்குள் கேமையே அழித்துவிட்டு மறுபடி இறக்கத் தொடங்கியிருப்பார்கள். இப்போதைய பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. கிராமத்து இணையத்தில் அது ராத்திரி முழுக்க இறங்கும். கோளாறு சூட்டிலோ கரண்ட்டிலோ இருந்தால், காலையில் அதே இடத்தில் அதே மாதிரி நிற்கும். அந்தப் பிள்ளையின் விடுமுறையில் ஒரு நாள் போயிருக்கும். எனக்கு வருத்தம் அதில்தான்.

திறந்த உடனே மூடிக்கொள்கிறது என்றால் சூட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கேமின் ஃபைல், கிராபிக்ஸ் டிரைவர், அல்லது கேம் தேடுகிற ஏதாவது துணை மென்பொருள், பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். கேம் வாங்கி ஆடுகிற ஸ்டீம் செயலியில் கேம் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் என்று போங்கள். அங்கே ஃபைல்களைச் சரிபார்க்க ஒரு பட்டன் இருக்கிறது. கெட்டுப்போன துண்டுகளை மட்டும் கண்டுபிடித்து அவற்றை மட்டும் இறக்கும். முழுசாக அழிக்கிறவர்கள் இதை ஒரு தடவை செய்து பார்த்திருந்தாலே போதும்.

'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் காணவில்லை' என்று வந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை இறக்கிப் போடுங்கள். எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டும் வேண்டும். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் கேமுக்கு எக்ஸ்86 தான் தேவைப்படும். பழைய கேம் ஏதாவது 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் ஃபைலைக் கேட்டால், 2010 ஜூனில் வந்த டைரக்ட்எக்ஸ் தொகுப்பைத் தேடுங்கள். அந்த ஃபைல்கள் விண்டோஸ் 10, 11 உடன் வருவதில்லை. காணாமல் போன ஒரே ஒரு டிஎல்எல்லை மட்டும் கொடுக்கிறோம் என்று சொல்லும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று நம்மால் பார்த்துச் சொல்ல முடியாது. வேலரன்ட் கேம் 'வேன் 9001' என்று நின்றால், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்கில்) ஆன் ஆகியிருக்க வேண்டும் என்று பொருள். கேமைத் திரும்ப ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒரு நொடி திக்கி, அதே இடத்துக்கு இரண்டாம் முறை போனால் திக்காமல் ஓடினால், அது ஷேடர் (காட்சியை வரைகிற சிறு நிரல்) தயாராகிற நேரம். டைரக்ட்எக்ஸ் 12-இல் ஓடுகிற பல கேம்களில் இது உண்டு. முதல் தடவை மெனுவில் ஷேடர் தயாரிக்கிறேன் என்று ஒரு பட்டை ஓடினால் அவசரப்பட்டுத் தாண்டாமல் முடிய விடுங்கள். டிரைவரை மாற்றினால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து நடக்கும்.

சரி, கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் இழுக்கிறது என்பவர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் ஊரில் இதுதான் அதிகம். பிராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் மூடாது, நொடிக்கு 60 ஃபிரேம் ஓடியது 25-க்கு இறங்கும். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு ஆடுங்கள். இழுக்கத் தொடங்கும் நேரமும் சூடு உச்சத்துக்குப் போகும் நேரமும் ஒன்றாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே லேப்டாப்பைத் தரையில் வைத்து ஆடுகிற பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளுகுளுவென்று இருப்பதால் லேப்டாப்பும் குளிரும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான லேப்டாப்கள் காற்றை அடிப்பக்கத்திலிருந்துதான் இழுக்கின்றன. வழவழப்பான தரையில் படிந்து உட்கார்ந்துவிட்டால் இழுக்கக் காற்று இல்லை. பின்பக்கம் இரண்டு மரக்கட்டை கொடுத்துத் தூக்கி வைத்தாலே சூடு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கேம் செட்டிங்கில் ஃபிரேமை 60-க்குக் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால், சில கேம்களில் சும்மா மெனு திரையில் நிற்கும்போதே கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். போனில் பிஜிஎம்ஐ என்ற சண்டை கேம் ஆடுகிறவர்களுக்கும் இதே கதைதான். சார்ஜில் போட்டபடி ஆடினால் பேட்டரிச் சூடும் சேர்ந்துகொள்ளும். கவரைக் கழற்றி, சார்ஜரை எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள். கேம் பூஸ்டர் என்ற பெயரில் வருகிற ஆப்கள் எதையும் நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. சூட்டை அவற்றால் குறைக்க முடியாது.

பெரிய சண்டைக் காட்சியில் நீலத் திரையோ எர்ரரோ எதுவும் இல்லாமல் பட்டென்று மொத்தமும் அணைந்தால் நான் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பக்கம் பார்ப்பேன். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பதிவாகியிருக்கும். முறையாக மூடாமல் அணைந்தது என்பதைத்தான் அது சொல்லும்; காரணத்தைச் சொல்லாது. கிராபிக்ஸ் கார்டு ஒரு கணத்தில் சட்டென்று அதிகக் கரண்ட்டை இழுக்கும்போது மலிவான எஸ்எம்பிஎஸ் தாங்காது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் விஷயம் வேறு. இன்வெர்ட்டரின் முதுகில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் போட்டால் மாறும் நேரம் குறையும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் பேரன் ஹெட்போனில் இரைச்சல் வருகிறது என்று கூப்பிட்டிருந்தான். அவன் சொன்னதைவிட அவனுடைய ஆச்சி சொன்னதுதான் எனக்குத் துப்பு. "தம்பி, இந்தப் பெட்டியத் துடைக்கப் போனா சுரீர்ங்குது. இவனுக்கு ஒண்ணும் தெரியலங்கிறான்." பேரன் ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தான். ஆச்சி வெறுங்காலோடு, ஈரத் துணியோடு துடைக்கப் போயிருக்கிறார். அந்த அறையின் பிளக்கில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருந்தது. உள்ளே எர்த் கம்பி வரவில்லை. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கேபினட் உடம்புக்கு வந்து நிற்கும். இரைச்சலும் சுரீரும் அதனால்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறைக்கு எர்த் இழுக்கச் சொன்னேன். பழைய வயரிங் உள்ள வீடுகளில் கேம் ஆடத் தொடங்கும் முன் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைத் தயவுசெய்து போடாதீர்கள். இது கேம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வேறு குணம். நெட் வருகிறது, ஆனால் எந்த கேமும் சர்வரோடு சேர மறுக்கிறது என்பார்கள். முதலில் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி இருக்கிறது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாது, லாகின் ஆகாது. பேட்டரியை மாற்றித் தேதியை வைத்தால் முடிந்தது. பயாஸ் செட்டிங்கும் பழைய நிலைக்குப் போயிருக்கலாம் என்பதால் ராம் வேகத்தையும் பாருங்கள். 3200-இல் ஓட வேண்டிய டிடிஆர்4 ராம், எக்ஸ்எம்பி என்ற வேக செட்டிங் ஆஃப் ஆனால் 2133-இலோ 2666-இலோ ஓடும். அதே வீட்டில் யுபிஎஸ் பேட்டரியும் பெரும்பாலும் போயிருக்கும். எங்கள் ஊர் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் படிக்கும் ஒரு மாணவி இதை எனக்குத் தாளில் வரைந்து காட்டினாள்: ஈய அமில பேட்டரி சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. கேபினட்டைத் திறந்து பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் விசிறிக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதை இந்தப் பக்கத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். புளோயரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுற்ற விட வேண்டாம்.

விண்டோஸ் 7, 8 இருக்கிற பழைய மெஷின் என்றால் ஸ்டீம் 2024 ஜனவரி 1-லிருந்து அவற்றுக்கு ஆதரவு தருவதில்லை. அதில் மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி நெட். செட்டிநாட்டு வீட்டில் வைஃபை என்பது தனி வித்தை. ஃபைபர் முகப்பில் வந்து இறங்கும். ரூட்டரை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் ஆடுவது இரண்டாம் கட்டில், ஏதோ ஒரு பக்கத்து அறையில். நடுவில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய அகலச் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரிலேயே சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் வேகமும் குறைவு, பக்கத்து வீட்டு ரூட்டர்களோடு நெரிசலும் உண்டு.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். முன்வாசலில் நின்றால் வளவை (நடு முற்றத்தை) தாண்டிப் பின்வாசல் வரை நேர்க்கோட்டில் கண் போகும். கதவுகள் எல்லாம் ஒரே வரிசை. ரூட்டரை முகப்புச் சுவரின் மூலையிலிருந்து எடுத்து அந்தக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். வளவுத் தாழ்வாரத்தில் நனையாத இடமாகப் பார்த்து வைத்தால் இன்னும் நல்லது. சுவரைத் துளைக்க வேண்டிய அலை வாசல் வழியாகவும் திறந்த முற்றம் வழியாகவும் போகும். பக்கத்து அறைக்கு அதுவும் போதாவிட்டால் கேபிள்தான். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை போகும். இந்த நீள வீடுகளுக்கும் அது போதும். முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். பர்மா தேக்கு நிலையிலும் பூச்சுச் சுவரிலும் துளை போடச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. உத்தரத்தின் மேல் ஓரமாக ஓட்டினால் வெளியே தெரியாது. முற்றத்தைக் கடக்கிற துண்டு மட்டும் வெயில் தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகும் பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) தாவினால், குற்றம் வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு கமாண்ட் விண்டோவைத் திறந்து, ஒன்றில் ரூட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1, இன்னொன்றில் வெளியே இருக்கிற கூகுளின் 8.8.8.8-க்குத் தொடர்ந்து பிங் ஓட விட்டுவிட்டு ஆடுங்கள். ரூட்டருக்கே 2 மில்லிசெகண்டிலிருந்து 200-க்குத் தாவினால் கோளாறு வைஃபையில். ரூட்டர் நிதானமாக இருந்து வெளியே மட்டும் தாவினால், அந்த நேரத்தில் வீட்டில் யாராவது பெரிதாக எதையாவது இறக்குகிறார்களா என்று கேளுங்கள். அண்ணன் அப்லோடு போட்டிருந்தாலும் தங்கையின் கேம் திணறும். அதுவும் இல்லை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் தாவுகிறது என்றால் அந்த இரண்டு விண்டோவையும் நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். நெட் ஸ்லோ என்று மட்டும் சொன்னால் லைனுக்கு வருகிறவர் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, 100 வருகிறதே என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த எண்ணுக்கும் கேம் திணறுவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. படத்தைக் காட்டி, ரூட்டர் வரை சரியாக இருக்கிறது, அதற்கு அப்பால்தான் தாவுகிறது என்று சொல்லுங்கள். கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.