பெக்கோ ஓட்டத் தெரிந்து கனடா போகிறவர்களுக்கு: பனி அகற்றும் தொழில் பற்றி

கின்னியா, மூதூர், நிலாவெளிப் பக்கங்களில் பெக்கோ என்கிற மண்வெட்டும் மெசினும் லோடரும் ஓட்டிக் கைதேர்ந்த இளைஞர்கள் சிலர், கனடாவுக்குப் போனதும் பனி அகற்றும் ஒப்பந்தகாரர்களிடம் வேலைக்குச் சேருகிறார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பல குளிர்காலங்கள் அந்தத் தொழிலில் இருந்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவன் என்பதால், பயணத்துக்கு முன்னர் என்னிடம் வந்து எந்த மெசின் நல்லது என்று கேட்பார்கள். லீவரில் படிந்த கைப்பழக்கம் அங்கேயும் அப்படியே உதவும் என்றும், நிலத்தைப் பற்றிய பழக்கம் உதவாது என்றுமே நான் அவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இங்கே நாம் வெட்டுகிற நிலம் கண்முன்னே கிடக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத நிலத்தின் மேல், பெரும்பாலும் இரவில், வேலை செய்ய வேண்டும்.

மெசினைத் தெரிவு செய்யும்போது குதிரைவலுவைப் பார்ப்பதற்கு முன், அள்ளும் பனியை எங்கே கொண்டுபோய்க் குவிக்கப் போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். கடைத்தொகுதியின் பெரிய வாகனத் தரிப்பிடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராகத் தள்ள முடியுமென்றால், இரு பக்கமும் தகடு வைத்த பொக்ஸ் புஷரை வீல் லோடரில் பூட்டுவதே சிறந்தது. பனி ஓரங்களில் வழிந்து கோடு கோடாகக் கிடக்காது. மூலைகளும் ஒடுக்கமான பாதைகளும் நிறைந்த இடத்துக்கு, நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய சிறிய லோடரான ஸ்கிட் ஸ்டியர் ஏற்றது. சிறிய இடங்கள் பலவற்றுக்கு ஒரே இரவில் ஓட வேண்டுமானால், பனி தள்ளும் தகடான ப்ளவை முன்னால் பூட்டிய பிக்கப்தான் கைகொடுக்கும். ஆனால் ப்ளவின் எடை முழுவதும் முன்னச்சில் இறங்குவதால், அந்த அச்சு எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் பார்த்து, பின்சில்லுகளுக்குப் பிடிப்பு வருவதற்குப் பின்பக்கத்தில் பாரம் ஏற்ற வேண்டும். வீதியில் போகும்போது ப்ளவை அளவுக்கு மீறி உயர்த்தினால் ரேடியேற்றருக்குக் காற்றுப் போகாமல் தடைப்பட்டு, உறைகுளிரிலும் எஞ்சின் சூடேறிவிடும்.

பனியின் எடையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கனமீற்றருக்கு 100 கிலோவுக்கும் குறைவாக இருக்கலாம். ஈரமாகி இறுகிக் கிடக்கும் பனி 300 கிலோவைத் தாண்டும். நேற்று இலகுவாகத் தள்ளிய அதே மெசின் இன்று திணறுவது இதனால்தான்.

முதற்பனி விழுவதற்கு முன்னரே, பகல் வெளிச்சத்தில் அந்த இடத்தை நடந்து பார்த்து, ஓரக்கற்கள், மேடாக நிற்கும் மான்ஹோல் மூடிகள், வேகத்தடைகள், தீயணைப்பு நீர்க்குழாய்கள் ஆகியவற்றின் பக்கத்தில் உயரமான கம்புகளை நட வேண்டும். இந்த வேலையைத் தவிர்க்கிற ஒப்பந்தகாரரிடம் நான் சேரமாட்டேன். ஓரக்கல்லில் மோதினால் மடங்கிக்கொடுக்கும் ஸ்பிரிங் விளிம்பு கொண்ட ப்ளவ்கள் இருக்கின்றன. அவற்றிலும் வேகமாகப் போனால் மோதலின் அதிர்ச்சி ஓட்டுநரின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் வரும் என்பதால், ஆளில்லாத தரிப்பிடத்திலும் இருக்கைப்பட்டியைக் கழற்றக் கூடாது. வாகனங்கள் வெளியேறும் மூலையில் பனியைக் குவித்தால் சாரதிக்கு எதிரே வருவது மறைந்துபோகும். வடிகால் வாய்க்கு மேற்பக்கச் சரிவில் குவித்தால், பகலில் உருகி ஓடும் தண்ணீர் இரவில் கண்ணாடிபோல் உறைந்து, காலையில் கடைக்கு வருகிற முதியவரை விழுத்தும்.

எனக்கு மிகுந்த பயத்தைத் தந்தது, பனியை உள்ளே இழுத்துக் குழாய் வழியாகத் தூர வீசும் ஸ்னோ ப்ளோவர்தான். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட் 1927இல் மொன்றியலை ஒட்டிய உற்ரமொன்ற் நகருக்கு முதல் இயந்திரத்தை விற்ற நாள்முதல், பனிநாட்டு வாழ்க்கையையே மாற்றிய அருமையான கருவி அது. ஈரப்பனி அதன் வெளியேற்றும் குழாயில் அடைத்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியாயிற்று என்ற நம்பிக்கையில் கையுறையோடு கையை உள்ளே விட்டுத் தோண்டத் தோன்றும். அடைப்பில் சிக்கி நின்ற சுழலியில் முறுக்கு விசை அப்படியே தேங்கியிருக்கும். அடைப்பு விடுபட்டதும் எஞ்சின் ஓடாமலேயே அது சட்டென்று சுழன்று விரல்களை எடுத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, கிளட்சை விடுவித்து, எல்லாம் ஓய்ந்த பின்னும் கம்பால் மட்டுமே குத்தி எடுக்க வேண்டும். எவ்வளவு அவசரம் என்றாலும் கை உள்ளே போகக் கூடாது.

வாகனத்துக்குள் ஓய்வெடுக்கும்போது புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். மூடியிருந்தால் மணமற்ற கார்பன் மொனொக்சைட் உள்ளே நிறைந்து தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். பின்னோக்கிப் போகும்போது கண்ணாடியை மட்டும் நம்பாமல், முடிந்தபோதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்; அதிகாலையில் தலைமூடி போட்டு நடக்கிறவருக்கு உங்கள் எச்சரிக்கை ஒலி கேட்காமல் போகலாம்.

நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உப்பு புதிதல்ல. ஆனால் சாதாரண உப்பு, பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்கு அப்பால் குளிர் இறங்கினால் மிக மந்தமாகவே பனிக்கட்டியை உருக்கும். அதற்கு மேல் அள்ளிக் கொட்டுவது வீண். கடுங்குளிருக்குக் கல்சியம் குளோரைட் கலந்தது வேண்டும்.

வேலை முடிந்ததும் குறிப்பேட்டை நிரப்பாமல் படுக்கைக்குப் போகாதீர்கள். ஒன்ராறியோவில் தனியார் இடத்தில் பனியில் வழுக்கி விழுந்தவர் பொதுவாக 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்ற விதி 2021இல் வந்தது. அப்படியொரு அறிவித்தல் வரும்போது, அந்த இரவில் எத்தனை மணிக்கு வந்தீர்கள், வெப்பநிலை என்ன, எவ்வளவு உப்பிட்டீர்கள் என்பதற்கு உங்கள் கையெழுத்தும் நேரம் பதிந்த படமும்தான் சான்று.