பெரியம்மாவை மெட்ரிக் எழுத வைக்க அலைந்த கதை

தென் ஆப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் யாராவது வீட்டுப் பெரியவர்களை மறுபடியும் படிக்க வைத்து மெட்ரிக் (கிரேடு 12 இறுதித் தேர்வு) எழுத வைக்கலாம் என்று நினைத்தால், கிளம்பும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் பெரியம்மாவையும் அவரோடு வேலை பார்த்த அக்காக்கள் சிலரையும் சேர்க்கப் போய்ப் பட்ட பாட்டில் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

இவர்கள் எல்லாரும் எண்பதுகளில் பள்ளியை விட்டு டர்பன் துணி ஃபேக்டரிகளுக்கு வேலைக்குப் போனவர்கள். ஒருவர் ஸ்டாண்டர்ட் 6, இன்னொருவர் 7, வேறொருவர் 8. அதனால் எல்லாருக்கும் ஒரே வழி கிடையாது. 21 வயது தாண்டியவர், பழைய ஸ்டாண்டர்ட் 7 தேறிய ரிப்போர்ட் கையில் இருந்தால், பெரியவர்களுக்கான மெட்ரிக்கான சீனியர் சர்டிஃபிகேட் தேர்வுக்கு நேராகப் பதியலாம். பெரியம்மாவுக்கு அது போதும். அதுவும் இல்லாதவர்கள் முதலில் அபெட் என்ற பெரியவர்களுக்கான அடிப்படைக் கல்வியில் லெவல் 4 முடிக்க வேண்டும், அதற்குச் சமூகக் கல்வி மையம்தான் இடம்.

இது எனக்குத் தெரிந்திருந்தது, தேர்வுக்குப் பதியப் போன ஆபீஸில் கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. ஸ்டாண்டர்ட் 7 என்பதைப் பார்த்ததும் கிரேடு 7 என்று எடுத்துக்கொண்டு, "இது பத்தாது ஆன்ட்டி, இந்த வயசுல எதுக்கு?" என்று பேப்பரைத் திருப்பித் தள்ளினார். பழைய ஸ்டாண்டர்டோடு 2 கூட்டினால்தான் இன்றைய கிரேடு, 7 என்றால் 9. நான் சொல்லியும் கேட்கவில்லை. பெரியம்மா அந்த ரிப்போர்ட்டை இத்தனை வருடம் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர், ஒன்றும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் போகும்போது தேர்வுக்கான தகுதி விதியை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள், அதில் பழைய ஸ்டாண்டர்ட் 7 என்றே போட்டிருக்கும். நானும் அப்புறம் அப்படித்தான் போனேன், வேறொரு அம்மா வாங்கிப் படித்துவிட்டு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பதிந்து கொடுத்தார்.

அலைச்சலுக்கு இன்னொரு காரணம், இரண்டு வேறு இலாகாக்கள். மெட்ரிக் தேர்வு அடிப்படைக் கல்வி இலாகாவிடம் இருக்கிறது. பெரியவர்கள் படிக்கும் மையங்களோ 2015 ஏப்ரலில் மாகாணத்திடமிருந்து உயர்கல்வி இலாகாவுக்குப் போய்விட்டன, இப்போது மாகாணத்துக்கு ஒன்றாக 9 சமூகக் கல்லூரிகளின் கீழே வருகின்றன. இத்தனை வருடம் ஆகியும் "அடல்ட் எஜுகேஷனா, அது இங்கே இல்லை" என்று ஒரு இடத்தில் விரட்டுவார்கள், அடுத்த இடத்தில் "மெட்ரிக்கா, டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்குப் போங்க" என்பார்கள். "அடல்ட் எஜுகேஷன்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மே, ஜூன் சீனியர் சர்டிஃபிகேட் தேர்வுக்குப் பதிய வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் லெவல் 4 வகுப்பு என்று சொல்லுங்கள்.

ரொம்ப முக்கியம்: மையத்தில் வகுப்புக்குப் பெயர் கொடுத்தால் தேர்வுக்கும் பதிந்தாகிவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தேர்வுப் பதிவு அக்டோபரில் திறந்து அடுத்த வருடத் தொடக்கத்தில் மூடிவிடும், வகுப்புகள் சூடுபிடிப்பதற்குள் கெடு போயிருக்கும். பதிந்ததற்கான தாளைக் கேட்டு வாங்கி, பாடமும் பெயரின் எழுத்தும் சரியா என்று அங்கேயே பாருங்கள்.

பெயரில்தான் நாங்கள் அடுத்து மாட்டினோம். ரிப்போர்ட்டில் இருப்பது கல்யாணத்துக்கு முந்தின பெயர், ஐடி புத்தகத்தில் வேறு பெயர். நம்ம வீட்டுப் பெண்கள் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான். போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் போட்டு, கல்யாண சர்டிஃபிகேட்டையும் சேர்த்துக் கொடுத்தோம். அங்கேயே நகல்களுக்கும் முத்திரை போட்டுத் தருவார்கள், காசு கேட்க மாட்டார்கள். முத்திரை மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் பல இடங்களில் வாங்குவதில்லை, அதனால் ரொம்ப முன்னாடியே போட்டு வைக்காதீர்கள்.

இந்த அலைச்சலைப் பார்த்த ஒரு அக்கா, தனியார் கல்லூரி ஒன்றில் முன்பணம் கட்டிவிட்டார். "ஆறு மாதத்தில் மெட்ரிக்" என்றார்களாம். பள்ளிச் சான்றிதழ்களின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பான உமாலுசியின் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொன்னேன், இன்று நாளை என்று இழுத்தார்கள். பணம் இன்னும் திரும்பவில்லை. ஃபேக்டரி ஓய்வுப் பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்த காசு அது. அரசுத் தேர்வுக்குப் பதிய ஒரு ரேண்டு கூடக் கட்ட வேண்டாம். தனியாரிடம் போவதானால், உமாலுசியிடம் நீங்களே கேட்டு உறுதி செய்த பிறகு பர்ஸைத் திறங்கள்.

பாடம் எடுப்பதில் ஒரு யோசனை. மொத்தம் ஆறு பாடம், அதில் ஆட்சிமொழி இரண்டு. இந்த வயதுக்காரர்கள் பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் படித்திருப்பார்கள், பேரப்பிள்ளைகள் ஸூலு படிக்கிறார்கள் என்று அவர்களையும் அதற்குத் தள்ள வேண்டாம். இந்தத் தேர்வில் வருடம் முழுக்க வகுப்பில் செய்யும் பாட வேலைக்கு மதிப்பெண் இல்லை, எழுதும் தேர்வு மட்டுமே கணக்கு. ஃபேக்டரி ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு அது வசதிதான், ஆனால் வகுப்பே இல்லாமல் தனியாக உட்கார்ந்து படிப்பது கஷ்டம். அதனால் பெரியம்மாவைத் தேர்வுக்கு நேராகப் பதிந்துவிட்டு, மாலை வகுப்புக்கு மையத்திலும் விட்டிருக்கிறேன். லெவல் 4 அக்காக்களும் அதே கட்டடம்தான், ஒரே டாக்ஸியில் போய் வருகிறார்கள்.

பழைய ரிப்போர்ட் தொலைந்தவர்கள் அக்டோபர் வரை காத்திருக்காதீர்கள். படித்த பள்ளிக்கு இப்போதே போய் அட்மிஷன் ரெஜிஸ்டரைப் பார்த்துக் கடிதம் தரச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் போனால் ஆபீஸ் பூட்டியிருக்கும், டெர்ம் நடக்கும்போது காலையிலேயே போங்கள்.