எலக்ட்ரிக்கல்ல பிஎச்டி சேரப் போறீங்களா? திருவொற்றியூர்ல இருந்து கிண்டி போய் படிச்ச என் அனுபவம்

எங்க ஏரியா தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் எம்.ஈ முடிச்சிட்டு ரிசர்ச்சுக்குப் போலாமா வேணாமானு கேக்குறாங்க, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர் பக்கம், முக்கால்வாசி பேர் வீட்ல முதல்முதலா இன்ஜினியரிங் படிச்சவங்க, கேட்டுத் தெரிஞ்சுக்க வீட்ல ஆள் கிடையாது. போன்ல ஒவ்வொருத்தருக்கும் பாதிப்பாதியா சொல்றதுக்கு முழுசா ஒரு தடவை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் பண்ணது கிண்டி அண்ணா யுனிவர்சிட்டியில, ஹை வோல்டேஜ், கரன்ட் கம்பியைத் தாங்குற பீங்கான் டிஸ்க் இருக்குல்ல, இன்சுலேட்டர், அது மேல உப்பும் தூசியும் படிஞ்சா என்ன ஆகுதுங்கறது. நீங்க பவர் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தாலும் சரி, மெஷின்ஸ் எடுத்தாலும் சரி, நான் சொல்றது பெரும்பாலும் பொருந்தும்.

முக்கியமானதை முதல்லயே சொல்லிடுறேன். தலைப்பு தேடி அலையாதீங்க. நீங்க சேரப்போற லேப்ல, அங்க இருக்கற சாமானை வெச்சு, உங்க கையால அளந்து பாக்க முடியற ஒரு கேள்வியைத் தேடுங்க. அப்ளிகேஷன் போடும்போது எல்லாரும் ஸ்மார்ட் கிரிட், மெஷின் லேர்னிங், மின்சார வண்டினு பெருசா ஒரு பேர் எழுதிட்டு வர்றாங்க, அதுல தப்பில்ல, ஆனா கமிட்டி மீட்டிங்ல உக்காந்து "டேட்டா எங்கருந்து வரும்மா"னு கேட்டா பதில் இருக்கணும். இருந்தா மீதி அஞ்சு வருஷம் ஓடிரும், இல்லன்னா ரெண்டாவது வருஷத்துலயே மூச்சு முட்டும்.

எனக்கு கேள்வி கிடைச்சது எங்க தெருவுலதான். தை, மாசியில விடியக்காலை அஞ்சு மணி போல கரன்ட் போகும், எங்க பக்கம் இருக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். எங்க ஏரியா லைன்மேன் அண்ணா ஒருத்தர் கிட்ட கேட்டேன், "மழை ஊத்துனா கூட தாங்கிடும்மா, இந்தப் பனிக்குத்தான் டப்பு டப்புனு போவுது"ன்னார். அந்த ஒரு வரியில பெரிய விஷயம் இருக்கு. காஞ்ச உப்பு கரன்ட்டைக் கடத்தாது. பனி இறங்கி அது லேசா நனைஞ்சாதான் பீங்கான் மேல கடத்துற படலம் ஒண்ணு உருவாகும், அது வழியா கசிவு மின்னோட்டம் ஓடும், ஓடுற இடம் சூடாகி நடுவுல ஒரு பட்டை மட்டும் காஞ்சு போகும், மொத்த வோல்டேஜும் அந்தக் காஞ்ச பட்டை மேலயே வந்து உக்காரும், அங்க சின்னதா ஆர்க் பத்தும், அது நீண்டு நீண்டு கடைசில மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பொறியா ஓடிரும், அதைத்தான் ஃப்ளாஷ்ஓவர்னு சொல்றோம். பலத்த மழை வந்தா உப்பையே கழுவிட்டுப் போயிடும், அதனாலதான் மழையை விட பனி மோசம். இந்த ஆர்க்கை கணக்குல கொண்டு வந்தது ஜெர்மனியில ஓபெனாஸ், 1958ல, இன்னைக்கும் இந்தத் துறையில பேப்பர் எழுதுறவங்க அங்க இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

சரி, இதுல புதுசா என்ன கேள்வி? லேப்ல செயற்கையா அழுக்கு பூசி டெஸ்ட் பண்ண ஐஈசி 60507னு ஒரு சர்வதேச ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல ஒரு லிட்டர் தண்ணிக்கு 40 கிராம் கயோலின் களிமண், தேவையான அளவு சோத்து உப்பு, இதைக் கலந்து பூசுவாங்க. ஆனா எங்க பக்கம் படியறது களிமண் இல்லையே. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மணலியில சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, வடக்க அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் நிலக்கரி எரிக்கிற அனல் மின் நிலையங்கள், ரோடு பூரா கன்டெய்னர் லாரி கிளப்புற புழுதி. உப்பு அளவு ஒண்ணாவே இருந்தாலும் கூடப் படியற கரையாத தூசி சாம்பலா இருந்தா ஈரத்தைப் புடிச்சு வெக்கிற விதம் மாறும், கசிவு மின்னோட்டமும் மாறும். எவ்ளோ மாறுது? இதுதான் என் கேள்வி, இதை எங்க லேப்ல அளக்க முடியும்னு தெரிஞ்சப்புறம்தான் தலைப்பையே எழுதினேன்.

அளக்கறது எப்படினு கொஞ்சம் விரிவா சொல்றேன், ரிசர்ச்னா தினப்படி என்ன வேலைனு அப்பதான் புரியும். கரன்ட் இல்லாத டிஸ்க்குகளை எங்க வீட்டு மொட்டை மாடியில, துணி காயப்போடற கம்பிக்கு மேல இரும்பு ஃப்ரேம் அடிச்சு தொங்க விட்டேன், எதிர்வீட்டு அக்கா "இன்னாம்மா இது, கண் திருஷ்டிக்கா"ன்னு கேட்டாங்க. குறிப்பிட்ட நாள் இடைவெளியில இறக்கி, கையில க்ளவுஸ் போட்டு (விரல்ல இருக்கற வேர்வை உப்பே ரீடிங்கை ஏத்திடும்), அளந்து வெச்ச டிஸ்டில்டு வாட்டர்ல பஞ்சை நனைச்சு மேல்பக்கத்தைத் தனியா, அடிப்பக்கத்தைத் தனியா துடைக்கணும். அடிப்பக்கம் ரொம்ப முக்கியம், அந்த வளையங்களுக்கு நடுவுல மழைத்தண்ணி போகாது, அதனால அழுக்கு அங்கயே தங்கிடும். துடைக்கிறதுக்கு முன்னாடியே பஞ்சோட சேர்த்து அந்தத் தண்ணியோட கண்டக்டிவிட்டியை ஒரு தடவை பாத்து எழுதிக்கணும், துடைச்சப்புறம் மறுபடி பாக்கணும், ரெண்டையும் 20 டிகிரிக்கு மாத்தி உப்பு எவ்ளோனு கணக்கு போட்டு டிஸ்க்கோட பரப்பால வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு வரும், இதுக்குப் பேர் ஈஎஸ்டிடி. அப்புறம் அதே தண்ணியை ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டி, காய வெச்சு எடை போட்டா கரையாத தூசியோட அளவு, என்எஸ்டிடி. இவ்ளோதான். கேக்க சின்ன வேலை மாதிரி இருக்கும், ஆனா தேதி, நேரம், ஈரப்பதம், காத்து எந்தப் பக்கம், கடைசியா மழை எப்ப பேஞ்சுது எல்லாம் நோட்டுல அன்னன்னைக்கே ஏறணும். பேப்பர் அனுப்பினப்போ ரிவ்யூவர் முதல்ல கேட்டது இதைத்தான், எத்தனை சாம்பிள், அன்னைக்கு ஈரப்பதம் எவ்ளோ. நோட்டு இருந்ததால அன்னைக்கு ராத்திரியே பதில் எழுத முடிஞ்சுது.

லேப்ல கசிவு மின்னோட்டம் அளக்க பெரிய மெஷின் எதுவும் வேணாம், டிஸ்க்கோட எர்த் பக்கத்துல ஒரு ஷன்ட் ரெசிஸ்டர் (கசிவு மின்னோட்டத்தை அளக்கற வோல்டேஜா மாத்தித் தர்ற ரெசிஸ்டர்), அதுக்குக் குறுக்க ஒரு கேஸ் டிஸ்சார்ஜ் ட்யூப்பும் டிவிஎஸ் டயோடும், ஃப்ளாஷ்ஓவர் ஆனா ஆசிலோஸ்கோப்பைக் காப்பாத்த. எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், டேட்டாஷீட்டை போன்ல வெச்சுக்கிட்டு போங்க, பார்ட் நம்பர் சொன்னா கடைக்காரங்களே இதுக்குப் பதில் இது போடுங்கனு சொல்லுவாங்க, ஆனா கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போகுதானு நீங்களே பாத்து வாங்குங்க. பவர் எலக்ட்ரானிக்ஸ்காரங்களுக்கும் இதுவே: சிமுலேஷன்ல வேவ்ஃபார்ம் அழகா வந்துரும், நிஜ போர்டுல கேட் ட்ரைவர் ரிங்கிங்கும் (ஸ்விட்ச்சை ஓட்டுற சிக்னல் அலைபாயறது) டெட் டைமும்தான் (ரெண்டு ஸ்விட்ச்சும் சேர்ந்து ஆன் ஆகாம இருக்க விடற இடைவெளி) நேரத்தைச் சாப்பிடும், அதனால முதல் வருஷத்துலயே மேல ஒண்ணு கீழ ஒண்ணுனு ரெண்டு ஸ்விட்ச் இருக்கற ஒரு சின்ன ஹாஃப் பிரிட்ஜாவது சால்டர் பண்ணி ஓட்டிப் பாத்துடுங்க. மேல் ஸ்விட்ச்சை அளக்க டிஃபரன்ஷியல் ப்ரோப் கேட்டு வாங்குங்க, சாதா ப்ரோப்போட கிரவுண்டு கிளிப்பை அங்க மாட்டவே மாட்டாதீங்க.

பாதுகாப்பு பத்தி கெஞ்சிக் கேக்குறேன். ஹை வோல்டேஜ் லேப்ல சப்ளையை ஆஃப் பண்ணிட்டோம்னு உள்ள போயிடக் கூடாது, கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், ஒரு தடவை டிஸ்சார்ஜ் பண்ணாலும் மறுபடி கொஞ்சம் ஏறும். எர்த் ராடை மாட்டி, மாட்டினது மாட்டினபடியே விட்டுட்டுதான் கை வைக்கணும். தனியா ஒரு நாளும் டெஸ்ட் போடாதீங்க, டெட்லைன் எதுவா இருந்தாலும் சரி. கூட ஒரு ஆள் இல்லன்னா அன்னைக்கு படிக்கிற வேலையைப் பாருங்க.

கைடு பத்திதான் நிறைய பேர் கேக்குறாங்க. அவருக்கு எத்தனை பேப்பர்னு பாக்கறதை விட, அவர்கிட்ட இப்ப படிக்கிற ஸ்காலர்ஸ் எத்தனாவது வருஷம், இதுக்கு முன்னாடி முடிச்சவங்க எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, வாரத்துக்கு ஒரு தடவையாவது உக்காந்து பேசுறாரா, இதைக் கேளுங்க. அவங்க சொல்றதை விட சொல்லத் தயங்குறதை கவனிங்க. என் கைடு கண்டிப்பானவங்க, ஆனா எழுதினதை அனுப்பினா நாலு நாள்ல சிவப்பு மையில திரும்பி வந்துரும், அந்த ஒரு குணத்துக்காக நான் இன்னைக்கும் அவங்களைக் கும்பிடுறேன்.

பணம். எம்.ஈ முழு நேரமா கேட் (GATE) நுழைவுத் தேர்வு ஸ்கோர்ல சேர்ந்தா மாசம் 12,400 ஸ்காலர்ஷிப், கேட் ஸ்கோர் 3 வருஷம் செல்லும். பிஎச்டியில மத்திய அரசு ப்ராஜெக்ட்ல ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்) கிடைச்சா 2023 ஜனவரியில இருந்து 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோ) ஆனா 42,000. ஆனா மாசாமாசம் ஒண்ணாம் தேதி வந்துரும்னு நினைச்சு வீட்ல வாக்கு குடுக்காதீங்க, சில நேரம் ரெண்டு மூணு மாசத்துது சேர்ந்து வரும். சீட்டு போட்டிருந்தா அதைக் கட்டற அளவுக்காவது கையில வெச்சுக்கிட்டு சேருங்க. வேலையில இருந்துக்கிட்டே பார்ட் டைம்ல பண்றவங்களும் இருக்காங்க, முடியும், ஆனா எக்ஸ்பெரிமென்ட் இருக்கற தலைப்புக்கு அது ரொம்பக் கஷ்டம், பனி ஞாயித்துக்கிழமை பாத்து இறங்காது.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பிஎச்டிக்கு குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, யுனிவர்சிட்டி அனுமதிச்சா நீட்டிக்கலாம், பொண்ணுங்களுக்கு கூடுதலா 2 வருஷ சலுகையும் 240 நாள் வரைக்கும் பிரசவ விடுப்பும் உண்டு. இதை வீட்ல மாமியார், நாத்தனார் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வெச்சிடுங்க. கல்யாணம் ஆயிடுச்சுனு பாதியில நிறுத்தின ரெண்டு நல்ல பொண்ணுங்களை எனக்குத் தெரியும், அந்த விதி இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது, எனக்கு அது இன்னும் மனசுல உறுத்துது.

பேப்பர் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. பணம் கட்டினா பத்து நாள்ல போட்டுடறோம்னு மெயில் வரும், திறக்காதீங்க. ஐஈஈஈ டிரான்ஸாக்ஷன்ஸ் மாதிரி நல்ல ஜர்னல்ல ரிவ்யூ வர மாசக்கணக்குல ஆகும், அதனால ரெண்டாவது வருஷக் கடைசியிலயே முதல் பேப்பரை அனுப்பிடற மாதிரி திட்டம் போடுங்க. ரிஜெக்ட் ஆனாலும் அந்தக் கமென்ட்ஸ்ல பாதி உங்க தீசிஸ்ல ஒரு சாப்டரா மாறும். வேற யாரோட வரியையும் அப்படியே எடுக்காதீங்க, 10 சதவீதத்துக்கு மேல ஒத்துப்போச்சுன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

தூரம் இப்ப பெரிய பிரச்சனை இல்ல. 2021ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்து ஒரே வண்டியில கிண்டி போயிடலாம், உக்கார இடம் கிடைக்கும், ஒரு பேப்பர் படிச்சிடலாம். நான் லிட்ரேச்சர் சர்வேயோட பெரும்பகுதியை அந்த வண்டியிலதான் முடிச்சேன், ஒரு பேப்பருக்கு மூணே வரி: என்ன அளந்தாங்க, எதை வெச்சு அளந்தாங்க, எதை அளக்காம விட்டாங்க. மூணாவது வரிகளை மட்டும் தனியா எடுத்து வரிசையா படிச்சா உங்க கேள்வி அதுக்குள்ள இருக்கும்.

அண்ணா யுனிவர்சிட்டியில பிஎச்டிக்கு ஜனவரி, ஜூலைனு ரெண்டு செஷன். அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி நீங்க நினைக்கிற லேப்புக்கு ஒரு தடவை நேர்ல போயிட்டு வாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு மேல போனா ஸ்காலர்ஸ் டீ குடிக்க வெளிய வருவாங்க, கூச்சப்படாம பேசுங்க, எந்த மெஷின் ஓடுது, எது ரிப்பேர்ல கிடக்குது, எதுக்கு எத்தனை நாள் முன்னாடி பேர் குடுக்கணும்னு கேட்டு எழுதிக்கிட்டு வாங்க, அந்த லிஸ்ட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உங்க ப்ரொபோசலை எழுத ஆரம்பிங்க.