வலம் சுற்றின புண்ணியம் இடம் சுற்றினால் அவிழுமா?

மனசு ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் கிடைக்கும். கூட வேலை செய்கிறவர் எனக்குச் சொன்ன வைத்தியம், "கிரேஸ் கதீட்ரல் போய் லேபரிந்த் நடந்துட்டு வா." சான் பிரான்சிஸ்கோவில் நாப் ஹில் மேட்டின் மேல் இருக்கிற பெரிய தேவாலயம் அது. லேபரிந்த் என்பது தியானம் போல நடப்பதற்காகத் தரையில் போட்டிருக்கிற, வளைந்து வளைந்து நடுவுக்குப் போகிற பாதை. பொள்ளாச்சியிலிருந்து அம்மா வந்திருந்தார். வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் நிம்மதி தேடிப் போனால் நன்றாக இருக்காதே என்று அவரையும் கூட்டிப் போனேன்.

அந்த மேட்டில் வண்டி நிறுத்துவதே தனித் தவம். சரிவில் நிறுத்தினால் முன்சக்கரத்தை ஒடித்து வைக்க வேண்டும், சட்டம். மீட்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு போட்டேன். தியானம் முழுக்க அந்த மீட்டர்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேவாலயத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே திறந்தவெளியில் ஒன்று. நாங்கள் போனது வெளியே இருப்பதற்கு. வட்டத்துக்குள் வட்டமாகப் பதினொரு சுற்று, நடுவில் ஆறு இதழ்ப் பூ. பிரான்சில் சார்த்ர் தேவாலயத் தரையில் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் வடிவத்தின் நகல். லாரன் ஆர்ட்ரெஸ் என்ற பாதிரியார் 1991-இல் அங்கே போய், அதன் மேல் போட்டிருந்த நாற்காலிகளை நகர்த்திவிட்டு நடந்து பார்த்தாராம். திரும்பி வந்ததும் கித்தான் துணியில் வரைந்து இங்கேயும் ஆரம்பித்துவிட்டார். இதில் வழி தவறவே முடியாது. ஒரே பாதை, முட்டுச்சந்து கிடையாது, கால் போகிற போக்கில் போனால் நடு வந்துவிடும்.

நான் இதையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாயிற்று. "இது நம்ம கெடிமேட்டு ஏழு சுத்துக் கோட்டையாட்டத்தானே இருக்குது கண்ணு? அது சதுரம், இது வட்டம்" என்றார். பேருக்குத்தான் கோட்டை, அதுவும் இதே மாதிரி தரையில் போட்ட பாதைதான். எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற சங்கதிக்கு நான் இங்கே பெட்ரோல் போட்டு வந்திருக்கிறேன்.

உள்ளே நுழைந்து இடப்பக்கம் திரும்பியதும் அம்மாவுக்குத் திருப்தி. நடு வலக்கைப் பக்கம் இருந்தது, வலம் வருகிற கணக்கு. பத்துப் பதினைந்து அடிதான். பாதை சட்டென்று மடங்கி எதிர்த் திசையில் போயிற்று. அம்மா நின்றுவிட்டார்.

"ஏன் கண்ணு, வலமாச் சுத்திட்டு உடனே இடமாச் சுத்தச் சொல்லுது? சுத்துன புண்ணியம் அவுந்து போயிராதா?"

என்னிடம் பதில் இல்லை. இந்த நடைக்கு விடுதல், பெறுதல், திரும்புதல் என்று மூன்று கட்டம் சொல்வார்கள். அவிழ்வதும் விடுதலில் சேர்த்தி என்று சமாளித்தேன். "என்னமோ போ" என்று நடந்தார்.

இந்தப் பாதைக்குக் குசும்பு அதிகம். ஆரம்பத்திலேயே நடுப்பூவை ஒட்டிக் கொண்டு போய், இதோ வந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில் வெளிவட்டத்துக்குத் தள்ளிவிடும். மீட்டரில் முப்பத்தைந்து நிமிடம் இருக்கும் என்று நான் மனக்கணக்குப் போட்டபோது எதிரே ஒரு பெரியவர், கண் பாதி மூடி, திரும்பி வந்துகொண்டிருந்தார். மரியாதைக்கு ஓர் அடி விலகி வழி விட்டேன். அந்த ஓர் அடியில் பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டேன் போலிருக்கிறது. மறுபடி முழு ஈடுபாட்டோடு நடந்து, மடங்கி, மடங்கி, தலை நிமிர்ந்து பார்த்தால் நுழைந்த வாசலில் நிற்கிறேன். வழி தவறவே முடியாத இடத்தில் வழி தவறியாயிற்று.

நடுப்பூவின் இதழ் ஒன்றில் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "இங்க வா கண்ணு" என்று கை அசைத்தார். குறுக்கே பத்தெட்டு வைத்தால் அவர் மடியில் போய் விழலாம். ஒரு குழந்தை அப்படித்தான் கோடுகளைத் தாண்டி ஓடியது. ஆனால் கண் மூடி நடக்கிற அத்தனை பேர் முன்னால் எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா எழுந்து, வந்த வழியே திரும்பக் கிளம்பினார். பின்னாலேயே போனேன். கடைசி மடக்கில் அவர் முகம் தெளிந்துவிட்டது. "இப்பத்தான் புரியுது. போகயில வலமாப் போன எடத்துல வரயில இடம், இடமாப் போன எடத்துல வலம். கணக்கு நேராப் போச்சு."

வாசலில் அம்மாவின் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் நான்கு ஜோடி ஷூ, ஒழுங்காக வரிசையில் நின்றன. அதுவரை யாரும் அங்கே எதையும் கழற்றியதாகத் தெரியவில்லை.

"மீட்டர்ல எத்தனை நிமிசம் கண்ணு இருக்குது?"

"பதினொண்ணு."

"அப்ப இரு, இன்னொருக்காச் சுத்திட்டு வந்தர்றேன்."