கமிஷன் லிங்க்: எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு சமையலறைச் சாமான்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. படிக்கிறவர்களும் பெரும்பாலும் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ நேரில் பார்க்கப்போகிறவர்கள்தான். அதனால் அஃபிலியேட் லிங்க், அதாவது கமிஷன் லிங்க், போடும்போது என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இதைத் தட்டிப் பொருள் வாங்கின ஆள் அடுத்த வாரம் இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் எதிரே வந்து நின்றால் நான் முகம் பார்த்துப் பேச முடியுமா?

புதிதாக எழுத வந்திருக்கிற சிலர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால் என் பழக்கத்தை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நான் தரும் லிங்க் வழியாகப் போய் நீங்கள் வாங்கினால், கடைக்காரர் விற்ற தொகையில் ஒரு பங்கை எனக்குத் தருவார். அமேசான் இதை 1996-லேயே தொடங்கிவிட்டது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு பொருளை வாரக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்து எழுதுவதும் உழைப்புதான், அதற்குக் கூலி வாங்குவதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் கூலி வருகிறது என்பதை மறைத்தால் எழுதினது முழுக்கக் கெட்டுப்போகிறது.

எனவே கட்டுரையின் தலையிலேயே, முதல் லிங்குக்கு முன்னால், தமிழில் எழுதிவிடுங்கள்: “இதில் உள்ள சில லிங்குகள் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்.” இவ்வளவு போதும். ‘அஃபிலியேட் லிங்க்’ என்று இரண்டு வார்த்தை மட்டும் போட்டுவிட்டுப் போனால் வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம் என்று அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசியே சொல்கிறது, அங்கேயே அப்படி என்றால் நம் பெரியம்மாக்களுக்கு எப்படிப் புரியும்? பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவதும் சரியில்லை, பரிந்துரைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அமேசான் லிங்க் வைத்திருந்தால் அவர்கள் கேட்கிற ஆங்கில வாக்கியத்தையும் தனியாகப் போட்டாக வேண்டும், அதை மட்டும் போட்டுவிட்டுத் தமிழில் சொல்லாமல் விடாதீர்கள். நம் நாட்டிலும் விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் சமூக ஊடக விதிகள் காசு வாங்கிச் செய்யும் பரிந்துரையைத் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குகிறவரைத் தவறாக நம்பவைப்பதைத் தடுக்கிறது.

சரி, சொல்லிவிட்டோம் என்பதற்காக எதையும் போட்டுவிடலாமா? இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு பெரிய பிரச்சினை இருக்கிறது. சில மாதம் முன்னால் எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரையை அனுப்பி, “கண்ணு, இந்த மிக்ஸி ரொம்ப நல்லா இருக்காம், இட்லி மாவுகூட அரைக்குமாம், வாங்கட்டுமா?” என்று கேட்டார். அமெரிக்காவில் இருக்கிற யாரோ எழுதினது, லிங்கும் அமெரிக்க அமேசானுக்கு. பொருளின் பக்கத்தில் படங்களையும் பாராட்டுகளையும் தாண்டிக் கீழே, கீழே, இன்னும் கீழே போனால் ‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று ஒரு சின்ன வரி. நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அப்படியே சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். மிக்ஸிக்குத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைக்கலாம்தான், ஆனால் அது கனமான பெட்டி, அதற்குத் தனிச் செலவு. அதற்கு மேல் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி (வாட்), பொருளைப் பொறுத்துச் சுங்க வரி, கூரியர்காரர் கேட்கும் கட்டணம். எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவர் ஊரில் அது நல்ல மிக்ஸியாகவே இருக்கலாம். ஆனால் அதே லிங்கை எடுத்து டர்பன் வாசகருக்கு நான் நீட்டினால் அது பொய்தான்.

இந்தியாவில் விற்கிற மிக்ஸி என்றால் வோல்ட் ஒத்துப்போகும், பிளக் மட்டும் மாறும்: நம்முடையது தடித்த மூன்று உருண்டைக் கால் உள்ள 15 ஆம்பியர் பிளக், அதில் வருவது பெரும்பாலும் சின்னது. இதையெல்லாம் லிங்குக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். வாரண்டி இங்கே செல்லுமா, ஜார் உடைந்தால் மாற்று எங்கே கிடைக்கும் என்பதையும் பார்த்துச் சொல்ல வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து அமேசானுக்குத் தென்னாப்பிரிக்கத் தளம் இருக்கிறது, டேக்அலாட் என்ற நம் ஊர் ஆன்லைன் கடை அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இருக்கிறது. உள்ளூரில் கிடைக்கிற பொருளுக்கு வெளிநாட்டு லிங்க் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

அப்புறம், கமிஷனே வராத இடத்தையும் சொல்லுங்கள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், காய்கறி எல்லாம் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கிடைக்கும்போது, மசாலாவுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் இருக்கும்போது, பாக்கெட் பொடிக்கு லிங்க் போட எனக்கு மனசு வராது. அந்தக் கடைக்காரர்கள் எனக்கு ஒரு ராண்ட்கூடத் தரப்போவதில்லை, தர வேண்டியதும் இல்லை.

கமிஷன் விகிதத்தைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2020 ஏப்ரலில் அமேசான் வீட்டுச் சாமான்கள், மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3-க்கு இறக்கியது. அன்றைக்கு நாற்காலியின் தரம் இறங்கிவிடவில்லையே. விலையையும் கட்டுரைக்குள் எழுதிவைக்க வேண்டாம், நாளைக்கே மாறிவிடும். ஒரு பொருளுக்கு ஒரு லிங்க் போதும். பத்திக்குப் பத்தி படப்பெட்டி வைத்தால் பக்கம் கனத்துப்போகும், மொபைல் டேட்டாவுக்குக் காசு கொடுத்துப் படிக்கிற ஊர் இது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு: காசு வரும் லிங்க் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘ஸ்பான்சர்ட்’ என்ற குறியை லிங்கில் சேர்த்துவிடுங்கள், கூகுள் 2019 செப்டம்பரில் கொண்டுவந்தது.

சில கட்டுரைகளில் நான் லிங்கே போடுவதில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது பற்றி எழுதினாலோ, காவடி விரதம் பற்றி எழுதினாலோ, அங்கே வருகிறவர் முறை தெரிந்துகொள்ள வருகிறார். அவருக்குப் பித்தளைச் செம்பு விற்க நான் யார்? சர்க்கரை வியாதிக்கான பொடிகள், மாத்திரைகள், கருமாதிச் சாமான்கள், இவையும் அப்படித்தான். பயத்திலோ துக்கத்திலோ இருக்கிறவர் கையில் லிங்கைத் திணிக்கக்கூடாது, இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

பழைய கட்டுரைகளையும் திரும்பிப் பார்க்க வேண்டும். 2023-இல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது இன்வர்ட்டர், சார்ஜ் விளக்கு, கேஸ் அடுப்பு என்று எல்லோரும் எழுதிக் குவித்தோம். அதில் பல மாடல்கள் இப்போது விற்பனையில் இல்லை. லிங்கைத் தட்டினால் கடை வேறு ஏதோ ஒன்றைக் காட்டுகிறது. அதற்கும் எழுதியவர்தான் பொறுப்பு. நான் இந்த மாதம் கேஸ் அடுப்புப் பதிவுகளிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன், செத்த லிங்க் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன்.