ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

ஒன்பதாவது கீமோ முடிந்தது. அம்மா தூங்கவில்லை. என் கைப்பேசியை வாங்கி ஒரே காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒரு சீனக் கிழவி, மாவைச் சிறு வட்டங்களாக இட்டு, நடுவில் கறி வைத்து, விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி மூடுகிறாள். "இங்கே பாரேன், கொழுக்கட்டைச் சொப்பு செய்கிறாள். நாம் குழித்துக்கொள்வோம், இவள் அப்பளம் போல இட்டுக்கொள்கிறாள். மற்றபடி விரல் போகிற போக்கு அதேதான்" என்றாள். பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். நான் சொட்டுகளை எண்ணுவது போல மேலே பார்த்தேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

ரசம் இரும்பு. இட்லி இரும்பு. வெந்நீர்கூட இரும்பு என்கிறாள். எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பீங்கானில் கொடுத்தேன். கொஞ்சம் தேவலையாம்.

15 ஆகஸ்ட்

அரை இட்லி.

16 ஆகஸ்ட், சனி

ஜாக்கெட் கொக்கி போட என்னைக் கூப்பிட்டாள். நேற்று வரை கூப்பிட்டதில்லை. விரல் நுனியில் துணி சுற்றியிருப்பது போல இருக்கிறதாம். கொக்கியைத் தொடுகிறோமா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதாம். நான்காவதின்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள்."

மாலையில் தானாகவே சொன்னாள்: "அந்தச் சீனக் கொழுக்கட்டை இங்கே கிடைக்குமா?"

கிடைக்கும். எங்கிருந்தாலும் கிடைக்கும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

நாளை நல்ல நாள். வாரத்தில் ஞாயிறும் திங்களும்தான் நாக்கு திரும்பி வருகிறது. செவ்வாய் மறுபடியும் போய்விடும். நர்ஸிடம் கேட்டுவிட்டேன். பச்சையாக எதுவும் கூடாது, ஆவி பறக்க வந்தால் சாப்பிடலாம் என்றார். ஆவியிலேயே வேகிற பண்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

18 ஆகஸ்ட், திங்கள்

எழுதினால் கோபம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

காலையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அங்கிருந்தே ஆட்டோ. ஆழ்வார்பேட்டை உணவகத்துக்கு ஐம்பது நிமிடம். மெட்ரோ வேலைக்காக எங்கெங்கோ திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மா கம்பியைப் பிடித்தாள், பிடி சரியாக விழுந்ததா என்று கண்ணால் பார்த்துக்கொண்டாள். ஆனால் இரண்டு முறை "பசிக்கிறது" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு ஐந்து வாரம் ஆகிறது.

வழியெல்லாம் சியாவ்லுங்பாவ் என்ற அந்தச் சீனக் கொழுக்கட்டை பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஷாங்காயை அடுத்த நான்ஷியாங்கின் பண்டம். பாவ் என்றால் பூரணம் பொதிந்த மாவு உருண்டை. பேருக்குச் சிறு கூடை பாவ் என்று பொருள். தோலையும் எலும்பையும் கொதிக்கவிட்ட சாறு ஆறினால் உறைந்துவிடும். அதை நறுக்கிக் கறியோடு பிசைந்து மாவுக்குள் வைத்து மூடுவார்கள். வேகும்போது அது உருகி உள்ளேயே மறுபடியும் சாறாகிவிடும். "ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் உறையுமே, அது மாதிரியா?" என்றாள். அதேதான். இங்கே கோழியில் செய்கிறார்கள். ஓரத்தில் சின்னதாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் வாய் வெந்துபோகும் என்று எச்சரித்தேன்.

எச்சரித்தேன்! மூங்கில் கூடையின் மூடியைத் திறந்தபோது ஆவியே வரவில்லை. ஆறு உருண்டைகள், விளிம்பு காய்ந்து, மடிப்புகள் கூடும் முடிச்சில் வேகாத மாவு வெள்ளையாகத் தெரிந்தது. ஆறின பண்டத்தை அம்மாவுக்குக் கொடுக்கக் கூடாது. திருப்பிக் கொடுத்து மறுபடியும் வேகவைக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஆவியோடுதான் வந்தது. ஆனால் அடிப்பகுதி காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. எடுக்க எடுக்கக் கிழிந்தது. கிழிந்ததிலிருந்து ஒரு சொட்டும் வடியவில்லை, வடிய உள்ளே எதுவும் இல்லை. இஞ்சிப் பூண்டு விழுதில் பிசைந்த கறி, பந்து போலக் கெட்டியாக.

குச்சி அவள் விரலில் நிற்கவில்லை. கரண்டி கேட்டேன், எவர்சில்வர் கரண்டி வந்தது. பீங்கான் கரண்டி இருக்கிறதா என்றேன். இல்லை. கறுப்பு வினிகர், இஞ்சி? அதுவும் இல்லை. இனிப்பான சிவப்புச் சாஸ் இருந்தது. புளிப்புதான் அந்த இரும்பு ருசியை வெட்டும், அதற்காகத்தான் கேட்டேன். அது அரிசியைப் புளிக்கவைத்துச் செய்கிற வினிகர், ஒரு சின்னக் கிண்ணம் போதும்.

அம்மா ஒன்றரை சாப்பிட்டாள். "நன்றாகத்தானே இருக்கிறது" என்றாள், பரிமாறின பையன் பக்கத்தில் நின்றதால். அவன் போன பிறகு மீதி அரையைக் காகிதத்துக்கு அடியில் வைத்தாள். அவன் நல்ல பையன். நான் கேட்டபோது, எல்லாம் உறையவைத்துப் பொட்டலத்தில் வருகிறது, இங்கே சூடு மட்டும் செய்கிறோம் என்று மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

1,140 ரூபாய். பணம் போனால் போகட்டும். ஒரு திங்கட்கிழமையை யார் திருப்பித் தருவார்கள்?

அதே நாள், இரவு

தயிர்சாதம் இரண்டு வாய். உடம்புச் சூடு 98.4.

19 ஆகஸ்ட், செவ்வாய்

பத்தாவது இன்று இல்லை. ரத்த அணுக்களின் கவுண்ட் போதவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாமாம்.

ரத்தம் எடுத்தது சாப்பிடுவதற்கு முன்னால். ஒன்பதரைக்கு எடுத்தார்கள், நாங்கள் சாப்பிட்டது ஒன்றே காலுக்கு. ஆகவே அந்தச் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க முடியாது. ரசீதில் நேரம் இருக்கிறது. நான்கு முறை எடுத்துப் பார்த்தேன்.

20 ஆகஸ்ட், புதன்

98.6. 98.8. 98.6.

21 ஆகஸ்ட், வியாழன்

சீனாவின் ஹான் அரச காலத்து வைத்தியர் சாங் சோங்ஜிங்கைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கடுங்குளிரில் ஊர் திரும்பியவர், ஏழைகளின் காதுகள் குளிரில் புண்ணாகி, மரத்துப்போயிருப்பதைக் கண்டார். ஆட்டுக்கறியையும் சூடு தரும் மூலிகைகளையும் மாவில் பொதிந்து, காது வடிவில் மடித்து, வேகவைத்துச் சூப்போடு கொடுத்தார். காதுகள் குணமாயின. அதிலிருந்துதான் சீனக் கொழுக்கட்டையே பிறந்தது என்கிறார்கள்.

மரத்துப்போன இடத்தின் வடிவத்திலேயே மருந்து. நள்ளிரவில் இதைப் படித்துவிட்டு எழுந்து போய் அம்மாவின் கைகளைப் போர்வைக்குள் வைத்தேன். சில்லென்று இருந்தன.

22 ஆகஸ்ட், வெள்ளி

சென்னைக்கு 386 வயது என்று வானொலியில் சொன்னார்கள். அம்மா உடனே தாத்தாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய சீனப் பல் வைத்தியரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே தலைமுறையாக அந்தத் தொழிலைச் செய்திருக்கின்றன. தாத்தா வலியே தெரியவில்லை என்று ஆயுள் முழுக்கச் சொன்னாராம். "அப்படி ஒரு கை." இன்று ஒன்றரை இட்லி, பேச்சு சுவாரசியத்தில்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

செய்து பார்த்தேன். மைதா, வெந்நீர், அரை மணி ஈரத்துணிக்குள். வட்டத்தின் நடு தடியாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்க வேண்டும். ஓரம் கூடுகிற இடத்தில் மாவு இரட்டிப்பதால், அங்கே தடித்திருந்தால் வேகாது. திங்கட்கிழமை நான் பார்த்த வெள்ளை முடிச்சு அதுதான். அதை இட்டவருக்கோ இயந்திரத்துக்கோ அவசரம். அடியில் முட்டைக்கோஸ் இலை போட்டேன், ஒட்டவே இல்லை. ஒரு இலைதான். ஒரே ஒரு இலை போட்டிருக்கக் கூடாதா அவர்கள்?

கோழிக்கால் சாறு சரியாக உறையவில்லை. பதினான்கில் ஒன்றில் மட்டும் சாறு நின்றது. அதை அம்மாவுக்கு மரக்கரண்டியில் கொடுத்தேன், எலுமிச்சைச் சாறு விட்டு. கண்ணை மூடிக்கொண்டாள். "இஞ்சி தெரிகிறது" என்றாள்.

இஞ்சி தெரிகிறது!

25 ஆகஸ்ட், திங்கள்

காலையில் ரத்தம் கொடுத்தாயிற்று. கவுண்ட் ஏறியிருக்கிறது. நாளை பத்தாவது.

புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. அரிசி ஊறவைத்து, உலர்த்தி, அரைத்து வந்தேன். சொப்பு யார் செய்வது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாலையில் சமையலறைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கொஞ்சம் மாவு கிளறச் சொன்னாள், ஒத்திகைக்கு. கொதிநீர், உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய். உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். விரல் மாவைத் தாண்டி மறுபக்கம் வந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை, நான் சொன்ன பிறகுதான் பார்த்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் என் விரலைப் பிடித்துத் தன் விரலுக்குப் பதிலாக வைத்து, மணிக்கட்டால் திருப்பினாள். "இன்னும் மெல்லிசாக. இன்னும். நிறுத்து."

இரவு 9.40. 99.6.

10.30. 100.0. சமையலறையில் இருந்த சூடு என்கிறாள்.

11.15. 100.2. 100.4 என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டேன், கோப்பும் உள்ளே இருக்கிறது. சொப்பு மூன்றும் ஈரத்துணிக்குள். அரை மணியில் மறுபடியும்